திருச்சி – சிங்கப்பூர் உண்மையில் எத்தனை மணி நேரம்?

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமான தூரம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குக் கீழே எழுதியிருக்கும் விவரத்தைப் படித்தால், கேட்க வந்தது தூரம் இல்லை என்று புரிகிறது. மன்னார்குடியில் இருக்கும் அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், சிங்கப்பூரில் இருக்கும் உங்களிடம் வர முதல் தடவையாகத் தனியாக விமானம் ஏறப் போகிறார். டிக்கெட்டில் இரவு 1.20-க்குக் கிளம்பி காலை 8.05-க்குச் சேரும் என்று போட்டிருக்கிறது. கழித்துப் பார்த்தால் ஆறே முக்கால் மணி நேரம். ஒரு இணையதளம் 3 மணி 19 நிமிடம் என்கிறது, இன்னொன்று 4 மணி 12 நிமிடம் என்கிறது. தூரத்துக்கும் 1,610, 1,853, 2,982 என்று மூன்று எண்கள் கிடைத்திருக்கின்றன. இதில் எதை நம்பி அம்மாவிடம் சொல்வது என்பதுதான் உங்கள் கவலை. சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் பார்த்ததில் எதுவும் பொய் இல்லை. ஆனால் அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய எண் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

நான் 27 வருடம் விமான நிறுவனங்களில் டிஸ்பாட்ச் வேலை பார்த்தவன். விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எந்த உயரத்தில் போக வேண்டும், காற்று எப்படி, எரிபொருள் எவ்வளவு என்று கணக்குப் போட்டு விமானியின் கையில் தாளாகக் கொடுக்கும் வேலை. இப்போது ஓய்வு பெற்றுத் திருவையாற்றில் இருக்கிறேன். அதனால் எண் பக்கமும் தெரியும், தஞ்சாவூர் ரோடும் தெரியும்.

முதலில் தூரம். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. உங்களுக்குக் கிடைத்த மூன்று எண்களும் ஒரே தூரம்தான். 2,982 என்பது கிலோமீட்டர். 1,853 என்பது நம் பழைய மைல். 1,610 என்பது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். கப்பல்காரர்களும் விமானக்காரர்களும் இன்றைக்கும் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பூமி உருண்டையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு துண்டு ஏறக்குறைய ஒரு கடல் மைல். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உருண்டையின் மேல் 26.8 பாகை இருக்கிறது. அதை அறுபதால் பெருக்கினால் வேலை முடிந்தது. இணையதளங்களுக்குள் நாலைந்து கிலோமீட்டர் வித்தியாசம் வந்தால் கண்டுகொள்ள வேண்டாம். பூமியை முழு உருண்டையாக வைத்துக் கணக்குப் போட்டார்களா, நடுவில் சற்றுப் பருத்ததாக வைத்துப் போட்டார்களா என்பதில் வரும் வித்தியாசம் அது.

இந்த 2,980 சொச்சம் கிலோமீட்டர், ஒரு உலக உருண்டையில் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் வரும் தூரம். அந்த நூல் எங்கே போகிறது என்று பார்த்தால் உங்களுக்குப் பிடிக்கும். திருச்சியிலிருந்து கிழக்கே, கொஞ்சம் தெற்கு சாய்ந்து கிளம்பி, மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில் புகுந்து, திருத்துறைப்பூண்டிக்குச் சற்றுத் தெற்கே ஓடி, கிட்டத்தட்ட வேதாரண்யத்தின் தலைக்கு மேலேயே கடலில் இறங்குகிறது. இலங்கையின் பருத்தித்துறைக்கு வடக்கே கடலோடு போய், வங்காள விரிகுடாவைத் தாண்டி, சுமத்ராவின் வடக்கே ஆச்சே வழியாக மலாக்கா நீரிணைக்கு வந்து சிங்கப்பூரில் முடிகிறது. அம்மா இரண்டரை மணி நேரம் காரில் மேற்கே போய் விமானம் ஏறுவார். ஏறிய பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அது அவரைத் திரும்பச் சொந்த ஊர்ப் பக்கமே கொண்டுவந்துவிடும். எனக்கு இது எப்போதும் ஒரு வேடிக்கை.

உண்மையில் விமானம் நூல் பிடித்த மாதிரி போவதில்லை. வானத்திலும் போட்டு வைத்த வழிகள் உண்டு. டெல்டாவில் வளர்ந்தவருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. எதிர்க்கரையில் இருக்கும் ஊருக்குப் போகக் கரையோடு நடந்து, பாலம் வரும் இடம் வரை போய்த்தானே திரும்பி வர வேண்டும்? அந்த மாதிரிதான். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து அங்கே சுகோய் போர் விமானங்கள் நிலையாக நிற்கின்றன. ராணுவம் பயன்படுத்தும் வான்பகுதியில் பயணிகள் விமானம் நினைத்தபடி நுழைய முடியாது. நடுக்கடலில் ரேடார் எட்டாது, அதனால் முன்னே போகும் விமானத்துக்கும் பின்னே வருவதற்கும் நிறைய இடைவெளி விட வேண்டும். இதெல்லாம் சேர்ந்து ஒரு பயணத்தில் நூறு கிலோமீட்டர் வரை கூடலாம். நேரத்தில் பார்த்தால் ஏழு நிமிடம் வரை.

அடுத்து, தூரத்தை வேகத்தால் வகுப்பது. பள்ளிக்கூடக் கணக்கு. ஆனால் விமானத்துக்கு அது ஒத்து வராது. மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்து 2,980-ஐ வகுத்தால் 3 மணி 19 நிமிடம் வரும். உங்கள் முதல் இணையதளம் செய்தது அதுதான். இரண்டாவது தளம் மணிக்கு 500 மைல் என்று வைத்துக்கொண்டு, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்திருக்கிறது. அப்படிச் செய்தால் 4 மணி 12 நிமிடம் வரும். இது உண்மைக்கு மிக அருகில் இருப்பது பாதி அதிர்ஷ்டம். இந்த வழியில் ஓடும் ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள் மேலே போய்ச் சீராகப் பறக்கும்போது காற்றில்லாத கணக்கில் மணிக்கு 830, 840 கிலோமீட்டர் போகும். அந்த வேகத்துக்கு வரவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். இறங்கத் தொடங்கினால் இன்னொரு அரை மணி நேரம் வேகம் குறைந்துகொண்டே வரும். தூரம் குறையக் குறைய இந்த ஏற்ற இறக்கத்தின் பங்கு பெரிதாகும். திருச்சி – சென்னை வான்வழியில் 295 கிலோமீட்டர்தான், ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரம் போடுவார்கள். அப்படியானால் சராசரி மணிக்கு 300 கிலோமீட்டர்கூட இல்லை. சிங்கப்பூர் அதைவிடப் பத்து மடங்கு தூரம், நேரமோ நாலு மடங்குதான்.

டிக்கெட்டில் போடும் நேரம் பறக்கிற நேரமும் இல்லை. எங்கள் தொழிலில் அதை ப்ளாக் டைம் என்போம். விமானம் நிற்கும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். அதை எடுத்து விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி முட்டுக்கட்டை வைக்கிற வரைக்கும் உள்ள நேரம் அது. திருச்சியில் ஒரே ஓடுதளம், நீளம் 2,480 மீட்டர். முனையத்திலிருந்து ஓடுதளத்துக்குப் போவது பெரிய வேலை இல்லை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் அப்படி இல்லை. இறங்கிய பிறகு சில நாள் கால் மணி நேரம் தரையிலேயே உருண்டுகொண்டிருப்பீர்கள். ‘இறங்கிட்டோம்’ என்று அம்மா போன் செய்யும்போது பயணம் இன்னும் முடிந்திருக்காது. அதோடு, நேரத்துக்குச் சேர்ந்தோம் என்று கணக்குக் காட்ட எல்லா நிறுவனமும் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போடும். ஏமாற்று இல்லை, காற்றுக்கும் நெரிசலுக்கும் விடுகிற இடம் அது. ஆக, வானத்தில் 3 மணி 40 நிமிடம் முதல் 3 மணி 55 நிமிடம், ப்ளாக் டைம் 4 மணி நேரம் முதல் 4 மணி 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, அப்படியானால் டிக்கெட்டில் தெரியும் ஆறே முக்கால் மணி நேரம் எங்கிருந்து வந்தது? 8.05 என்பது சிங்கப்பூர்க் கடிகாரம். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. அம்மா போய்ச் சேரும்போது மன்னார்குடியில் காலை 5.35. 1.20-இலிருந்து 5.35 வரை நாலே கால் மணி நேரம். இது கணக்கு, சந்தேகமே வேண்டாம். சிங்கப்பூர் இருக்கும் இடத்துக்கு இரண்டரை மணி நேரம் அதிகம் என்பது வேறு விஷயம். சூரியன் ஒரு பாகைக்கு 4 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. இரண்டு ஊருக்கும் இடையே கிழக்கு மேற்காக 25 பாகை சொச்சம். சூரியக் கணக்கில் ஒன்றே முக்கால் மணி நேரம்கூடத் தேறாது. சிங்கப்பூர் 1982 ஜனவரி 1-இல் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிக்கொண்டது. அதனால்தான் அங்கே காலை ஏழு மணி சுமாருக்குத்தான் விடிகிறது. அதற்கு முன்னால் போய்வந்த பெரியவர்கள் யாராவது ‘ரெண்டு மணி நேரம்தானே வித்தியாசம்’ என்று சொன்னால் அவர்கள் சொல்வதும் சரிதான், அன்றைக்கு அப்படித்தான்.

கடிகாரம் எப்படியெல்லாம் ஆட்டம் காட்டும் என்பதற்கு நம் திருச்சியை விட நல்ல உதாரணம் கிடையாது. திருச்சியிலிருந்து துபாய் வான்வழியில் 2,940 கிலோமீட்டர். சிங்கப்பூர் 2,980. நாற்பது கிலோமீட்டர்தான் வித்தியாசம், அதாவது தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம். கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் ஒரு வீட்டில் மூத்தவர் வளைகுடாவிலும் இளையவர் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். நடுவில் திருச்சி, தராசு முள் மாதிரி. ஆனால் டிக்கெட்டைப் பாருங்கள். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னே. இரவு 1.20-க்குக் கிளம்பினால் துபாய்க் கடிகாரத்தில் 4 மணி சுமாருக்கே சேர்ந்துவிடும். ஒரே தூரம், ஒரே வகை விமானம். ஒரு டிக்கெட்டில் ஆறே முக்கால் மணி நேரம் மாதிரி தெரியும், இன்னொன்றில் இரண்டே முக்கால் மணி நேரம் மாதிரி தெரியும். ‘துபாய் பக்கம்டா, சிங்கப்பூர் ரொம்ப தூரம்’ என்று ஊரில் பேசிக்கொள்வதற்கு இந்தக் கடிகாரமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அம்மா திரும்பி வரும்போதும் இதே வேடிக்கைதான். இரவு 8.50-க்குக் கிளம்பி 10.30-க்குத் திருச்சி என்று போட்டிருக்கும். ஒரு மணி நாற்பது நிமிடத்தில் வந்துவிடுவார் என்று நினைத்துவிடாதீர்கள், இதற்கும் நாலு மணி பத்து நிமிடம் ஆகும்.

பூமி கிழக்கே சுற்றுகிறது, அதனால் மேற்கே போகும் விமானம் சீக்கிரம் போகும், ஊர் தானே எதிரே வந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்து சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றில்தான் மிதக்கிறது. ஓடும் ரயிலுக்குள் நீங்கள் முன்னே நடந்தாலும் பின்னே நடந்தாலும் எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்றுதான். நேரத்தை உண்மையில் மாற்றுவது காற்றோட்டம். பாமணி ஆற்றில் தண்ணீர் வந்த புதிதில் நீந்தியிருந்தால் இது புரியும். ஓட்டத்தோடு போனால் கை போடவே வேண்டாம், எதிர்த்து வந்தால் படித்துறை பக்கத்தில் இருந்தும் எட்டாது.

இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஆடி மாதம் டெல்டாவில் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அம்மியே பறக்கும் என்பார்கள். மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிற காற்று, சிங்கப்பூர் போகும் விமானத்துக்குப் பின்னாலிருந்து தள்ளும், சீக்கிரம் போய்விடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர் எதிர். ஜூன் முதல் செப்டம்பர் வரை தரையில் மேல்காற்று வீசும்போது, விமானம் பறக்கும் முப்பத்தைந்தாயிரம் நாற்பதாயிரம் அடி உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. இந்தக் கீழைக்காற்று ஓட்டத்தை 1950-களில் எடுத்துக்காட்டியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோட்டேஸ்வரம்தான். அதனால் ஆடி, ஆவணியில் சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு எதிர்காற்று, திரும்பி வருவதற்குத் தள்ளுகாற்று. மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்காற்று என்றால் பயணத்தில் ஏறக்குறைய 16 நிமிடம் கூடும், திரும்பும்போது 14 நிமிடம் குறையும். நான் போட்டுக் கொடுத்த தாளில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி இருக்கும்: அந்த இடத்தின் பெயர், உயரம், காற்றின் திசை, வேகம், வெளியே எத்தனை டிகிரி குளிர், அடுத்த இடத்துக்கு எத்தனை நிமிடம், மீதி எரிபொருள். கடல் மேல் போகும் வரிகளில் எல்லாம் காற்றுக்கான கட்டத்தில் 090 என்றே வந்துகொண்டிருக்கும். கிழக்கிலிருந்து என்று அர்த்தம். அலுவலக ஜன்னலில் வெளியே பார்த்தால் தென்னை மரமெல்லாம் கிழக்கே சாய்ந்து நிற்கும்.

தரைக்காற்றுக்கும் ஒரு வேலை உண்டு, அது கிளம்பும்போது. விமானம் கூடுமானவரை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். மேல்காற்று நாளில் திருச்சியில் மேற்கு நோக்கி ஓடி எழும்பி, பிறகு ஒரு சுற்றுச் சுற்றிக் கிழக்கே திரும்பும். மார்கழியில் வாடை அடிக்கும்போது நேராகக் கிழக்கே எழும்பிவிடும். இதில் இரண்டு மூன்று நிமிடம் வித்தியாசம். துபாய் வழியில் காற்றின் கதை வேறு. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் அரேபியாவுக்கும் மேலே பலமான மேலைக்காற்று ஓடும். மார்கழி, தையில் துபாய் போக அதிக நேரம், வரக் குறைந்த நேரம்.

இதுவரை சொன்னது கணக்கு. இனி வருவது கணக்குக்கு அடங்காதது. காலை எட்டு மணிக்குச் சிங்கப்பூரில் இறங்குவது நல்ல நேரம்தான், ஆனால் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் இடிமழை வரிசையாக வரும். அங்கே அதற்குப் பெயரே ‘சுமத்ராஸ்’தான். அது வந்தால் விமானம் மேலேயே பத்திருபது நிமிடம் வட்டம் போடும். அதற்கும், பக்கத்து விமான நிலையத்துக்குப் போவதற்கும், அதற்கு மேல் அரை மணி நேரத்துக்கும் எரிபொருள் இல்லாமல் விமானத்தை அனுப்பவே விதி இடம் தராது. ஆகவே ‘வட்டமடிக்குது’ என்று திரையில் பார்த்துப் பதற வேண்டாம். இன்றைக்கு மழை வருமா என்பதை மூன்று வாரம் முன்னால் டிக்கெட் போடும்போது யாராலும் சொல்ல முடியாது, என்னாலும்தான்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய எண் எது? மன்னார்குடியிலிருந்து வடுவூர், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி விமான நிலையம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். கூகுள் இரண்டு மணி நேரம் என்று காட்டும், நான் இரண்டரை வைப்பேன். அறுவடை நேரமாக இருந்தால் ரோட்டில் ஒரு பக்கம் நெல் காயும், எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் இண்டிகேட்டர் போடாமல் வரும். முகூர்த்த நாளாக இருந்தால் தஞ்சாவூருக்குள் நுழையாமல் புறவழிச்சாலையைப் பிடியுங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்விட வேண்டும். கவுன்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். 2024-இல் திறந்த புது முனையம் விசாலமானது, பழைய கட்டடத்தின் நெருக்கடி இல்லை. ஆனாலும் முதல்முறை போகிறவருக்கு அவசரம் கூடாது. ஆக இரவு 7.30-க்கு வீட்டை விட்டால் 10.00 மணிக்கு விமான நிலையம். காலை 8.05-க்குச் சேர்ந்து, குடியேற்றச் சோதனை, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர ஒரு மணி நேரம், உங்கள் வீட்டுக்குப் போக இன்னொரு மணி நேரம். சிங்கப்பூர்க் கடிகாரத்தில் காலை 10 மணி, ஊர்க் கடிகாரத்தில் 7.30. பன்னிரண்டு மணி நேரம். அதில் வானத்தில் இருப்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவருக்கு இந்தப் பன்னிரண்டைச் சொல்லுங்கள்.

சென்னை போய் ஏறினால் சீக்கிரமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் 2,925 கிலோமீட்டர். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் மிச்சம், நாலு நிமிடம். அதற்காக முந்நூறு கிலோமீட்டர் ரோட்டில் போக வேண்டும். கொழும்பு வழியாகப் போனால் வான்தூரம் 190 கிலோமீட்டர்தான் கூடும், ஆனால் கொழும்பில் உட்கார்ந்திருக்கும் நேரம் தனி, மாறி ஏறுவதும் தனி. தனியாக வரும் அம்மாவுக்கு வேண்டாம். விலை குறைவு என்றால் உங்களை மாதிரி இளவட்டங்கள் போகலாம்.

ஒன்றை மட்டும் இரண்டு தடவை சரிபாருங்கள், தேதி. ‘வெள்ளி 1.20’ என்று போட்டிருந்தால் அது வியாழன் ராத்திரி வீட்டை விட்டுக் கிளம்புவது. நம் ஆட்களுக்குச் சூரியன் உதித்தால்தான் நாள் மாறும், விமானக்காரர்களுக்கு நள்ளிரவில் மாறிவிடும். இதைத் தினமும் எழுதிக்கொண்டிருந்த என் வீட்டிலேயே இது நடந்தது. என் சித்தப்பா மகன் சென்னையிலிருந்து இரவு 12.40 விமானத்தில் போக வேண்டியவன். கொரடாச்சேரியிலிருந்து வேன் வைத்துக்கொண்டு, முறுக்கு டின், ஊறுகாய், வழியனுப்ப ஏழு பேர் என்று கிளம்பி விமான நிலையம் போய்ச் சேர்ந்தால், வாசலில் இருந்த காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு ‘நேத்தே போயிடுச்சே சார்’ என்றார். முதல் நாள் என்னிடம் போனில் நேரம் கேட்டிருந்தான், நானும் ‘பன்னிரண்டு நாற்பது’ என்று நேரத்தை மட்டும் சொன்னேன், தேதியைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் நேரம் சொல்வதில்லை, எந்தக் கிழமை சாயங்காலம் வீட்டைப் பூட்ட வேண்டும் என்றுதான் சொல்வேன்.

மாத்திரை விஷயத்தில் எனக்குத் தெரிந்தது கடிகாரம் மட்டும். போகும் நாளில் அம்மாவின் ஒரு நாள் இருபத்தொன்றரை மணி நேரமாகச் சுருங்கும், திரும்பும் நாள் இருபத்தாறரையாக நீளும். காலை மாத்திரையை ஊர் நேரத்தில் போடுவதா, அங்கத்திய நேரத்தில் போடுவதா என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் இந்த இரண்டு எண்ணையும் சொல்லிக் கேளுங்கள், நான் சொல்லக் கூடாது. மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், இன்சுலின் இருந்தால் கண்டிப்பாகப் பெரிய பெட்டியில் போடக் கூடாது, அங்கே உறைந்துபோகலாம். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய கொடைக்கானலில் இருக்கிற மாதிரிதான். கொடைக்கானல் போய் மூச்சுத் தொந்தரவு இல்லாமல் இருந்தவருக்கு இதில் பயப்பட ஒன்றும் இல்லை. சிங்கப்பூர் வருகை அட்டையை வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நீங்களே இணையத்தில் நிரப்பிவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் என்றால் அது சிங்கப்பூர் அரசுடையது இல்லை.

முன்னால் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கு, சிங்கப்பூர் போனவர்கள் உங்கள் ஊரில் யாராவது இன்னும் இருப்பார்கள். 1926-இல் கட்டிய கப்பல், எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. அவர்களுக்கு இந்த தூரம் ஒரு வாரக் கடல், வாந்தி, எலுமிச்சம்பழம். இப்போது 2023-இல் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குத் தொடங்கிய கப்பலுக்குத் தூரம் 60 கடல் மைல்தான், நேரம் ஏறக்குறைய நாலு மணி. அதே நாலு மணி நேரத்தில் அம்மா 1,610 கடல் மைல் தாண்டிவிடுவார்.

இருக்கை எடுக்கும்போது இடது பக்க ஜன்னலாகப் பாருங்கள், எண்ணுக்குப் பிறகு ‘ஏ’ என்று இருக்கும். விமானம் அந்த நேர்வழியை ஒட்டிப் போய், மேகமும் இல்லாமல் இருந்தால், கிளம்பிய பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இடது பக்கம் கீழே மன்னார்குடி விளக்குகள் தெரியும். அதன் பிறகு கடல் இருட்டு, அவர் தூங்கலாம். சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அதே ஜன்னலில்தான் விடியும்.